ஹங்கேரிய நடனம் என்றால் இழுத்து வாசிப்பதா?

இசையமைப்பாளர் பிராம்ஸின் ஐந்தாம் ஹங்கேரிய நடனத்தைப் பியானோவில் கற்க வருபவர்களில் பலர் இரண்டு அடிக்கு ஒருமுறை இழுப்பார்கள், பிறகு ஓடுவார்கள். கேட்டால், "ஹங்கேரியன் ஸ்டைல் சார்" என்று பதில் வரும்.

அந்த ஸ்டைல் வந்த வழி வேறு. 18-ஆம் நூற்றாண்டில் படைக்கு ஆள் சேர்க்க ஆடிய வெர்புங்கோஷும், அதன் வழியில் வளர்ந்த சார்தாஷ் என்ற நடனமும்தான் மூலம். நகரத்து ரோமா (ஜிப்சி) இசைக் குழுக்கள் அவற்றை வாசித்துப் பரப்பின. இசையமைப்பாளர் லிஸ்டும் பிராம்ஸும் கேட்டது அதைத்தான். நாட்டுப் பாட்டு என்று பிராம்ஸ் நம்பிய அந்த ஐந்தாம் நடனமே கேலர் பேலா என்ற இசையமைப்பாளர் எழுதிய சார்தாஷ்தான்! கிராமத்து மெட்டுகளைத் தேடிப் போனவர்கள் ஹங்கேரிய இசையமைப்பாளர்கள் பார்ட்டோக்கும் கோடாயும். 1906-இல் இருவரும் இருபது பாடல்களை வெளியிட்டார்கள்.

பார்ட்டோக் 1908-இல் எழுதிய 'டிரான்சில்வேனியாவில் மாலை' என்ற சின்ன உருப்படியை எல்லோருக்கும் முதலில் கொடுப்பேன். இரண்டு மெட்டுகள் மாறி மாறி வரும். இரண்டும் அவரே இயற்றியவை. மெதுவானது பாடும் குரலைப் போல. அதில் 'ரூபாட்டோ', அதாவது வேகத்தைச் சற்று இழுத்தும் ஓட்டியும் வாசிக்கலாம் என்று எழுதியிருக்கிறார். வேகமானது கிராமத்துக் குழலைப் போல. அதில் 'ரூபாட்டோ வேண்டாம்' என்றே குறித்திருக்கிறார். அந்த இரண்டாம் குறிப்பைத்தான் யாரும் படிப்பதில்லை.

இன்னொரு இடத்தில் எல்லாக் கைகளும் தடுமாறும். ஒரு குறுகிய ஸ்வரம், அதை ஒட்டி நீண்ட ஸ்வரம்: இந்தச் சொடுக்கு இந்த இசையில் அடிக்கடி வரும். நம் விரல் நீண்டதில்தான் போய் உட்காரும், ஏனென்றால் அங்கேதான் இளைப்பாற நேரம் இருக்கிறது. ஆனால் ஹங்கேரிய மொழியில் எந்தச் சொல்லிலும் அழுத்தம் முதல் அசைக்கே. அது குறிலாக இருந்தாலும் அப்படியே. மெட்டும் அந்தப் பேச்சைப் பின்பற்றுகிறது, ஆகவே எடை குறுகிய ஸ்வரத்துக்குப் போக வேண்டும், நீண்டது அந்த வேகத்திலேயே ஒலித்துக் கிடக்கட்டும். இடது கையை நிறுத்திவிட்டு இந்த ஒரு சொடுக்கை மட்டும் மெதுவாகப் பழகுங்கள். மணிக்கட்டு குறுகியதில் இறங்கி, நீண்டதில் ஏற வேண்டும். பெடலை நீண்ட ஸ்வரம் விழுந்த பிறகே மிதியுங்கள். முன்பே மிதித்தால் சொடுக்கு கரைந்துவிடும்.

லிஸ்டின் இரண்டாம் ஹங்கேரிய ராப்சோடி என்ற உருப்படியில் ஒரே ஸ்வரம் படபடவென்று திரும்ப வரும் இடங்கள் சிம்பலோம் என்ற தட்டுக் கம்பி வாத்தியத்தின் சாயல். அங்கே சத்தம் கூட்டாதீர்கள், கை இறுகும்.

தாள வேகத்தைத் தட்டிக் காட்டும் மெட்ரோனோமைப் பற்றியும் கேட்கிறார்கள். பார்ட்டோக்கின் மெதுவான மெட்டுக்கு அதை மூடி வையுங்கள். வேகமான மெட்டு வந்ததும் போடுங்கள், அந்த மெட்டின் கடைசி அடி வரை நிறுத்தாதீர்கள்.