தவ்பா: மன்னிப்பா, மீளலா?

மேலப்பாளையத்தில் ஒரு ரமளான் இரவு. தராவீஹ் என்னும் இரவுத் தொழுகை முடிந்து பள்ளிவாசல் பாதி காலியாகிவிட்டது. ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர் மார்க்க அறிஞரான ஹஜ்ரத் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். தூணோரம் ஓதிக்கொண்டிருந்த எனக்கும் அவர் பேச்சு காதில் விழுந்தது.

"எத்தனையோ தடவ தவ்பா செஞ்சாச்சு ஹஜ்ரத். மன்னிப்பு கெடச்சுதா இல்லையான்னுதான் தெரியல. தொழ நின்னாலும் மனசு குத்துது."

"மன்னிக்கது அவன் வேலைலா," என்றார் ஹஜ்ரத். "நீங்க திரும்பியாச்சா? அதச் சொல்லுங்க."

அன்றைக்கு வீட்டுக்கு வந்தும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. தவ்பா என்றால் பாவமன்னிப்பு என்றுதான் சிறுவயதில் ஓதப் போன இடத்தில் எனக்குச் சொல்லித் தந்தார்கள். தமிழில் பலரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். ஆனால் அந்த அரபுச் சொல்லுக்குள் மன்னிப்பு என்ற பொருள் நேரடியாக இல்லை. தா, வாவ், பா என்ற மூன்று எழுத்து வேரின் பொருள் 'திரும்புதல்'. போன வழியை விட்டுவிட்டுத் திரும்பி வருவதுதான் தவ்பா. அரபுக்கு உறவான ஹீப்ரு மொழியிலும் இதே கருத்துக்கு உள்ள 'தெஷுவா' என்ற சொல், திரும்புதல் என்ற வேரிலிருந்தே வருகிறது.

மன்னிப்பு கேட்பதற்கு அரபியில் வேறு சொல் இருக்கிறது: இஸ்திக்ஃபார். நாம் வாய்க்கு வாய் சொல்லும் 'அஸ்தக்ஃபிருல்லாஹ்' அதிலிருந்து வந்ததுதான். அதன் வேருக்கு மூடுதல், மறைத்துக் காத்தல் என்று பொருள். போரில் தலையைக் காக்கும் கவசத்துக்கு அரபியில் 'மிக்ஃபர்' என்று பெயர். குற்றத்தை மூடி, அதன் தீங்கிலிருந்து காப்பாற்று என்று கேட்பது இஸ்திக்ஃபார். கால்களைத் திருப்பி நடப்பது தவ்பா. இரண்டும் சேர்ந்தே வரும் என்றாலும் இரண்டும் ஒன்றல்ல.

இந்த வேறுபாடு ஏன் முக்கியம் என்றால், குற்றவுணர்வு மனிதனை அரிப்பது இங்கேதான். தவ்பாவுக்கு மன்னிப்பு என்று பொருள் வைத்துக்கொண்டால், அது கிடைத்ததா இல்லையா என்பது நம் கையில் இல்லை. கேட்டவன் பதில் வராத கடிதத்துக்குக் காத்திருப்பவன்போல உட்கார்ந்திருப்பான். திரும்புதல் என்று வைத்துக்கொண்டால் கேள்வியே மாறிவிடுகிறது. நான் திரும்பினேனா இல்லையா என்பது எனக்குத் தெரியும்.

நபிகள் நாயகம் தாம் நாளொன்றுக்கு நூறு முறை தவ்பா செய்வதாகச் சொன்ன ஹதீஸ், அதாவது நபிமொழி, இமாம் முஸ்லிம் தொகுத்த நூலில் இருக்கிறது. பெரும் பாவம் செய்தவருக்கு மட்டும் உரிய சடங்காக இருந்தால் இது பொருந்துமா? நூறு முறை இறைவன் பக்கம் முகம் திருப்புவது என்று படித்தால் சட்டென்று விளங்குகிறது.

ஹதீஸில் வரும், தொண்ணூற்றொன்பது கொலை செய்தவன் கதையும் இதைத்தான் சொல்கிறது. எனக்குத் தவ்பா உண்டா என்று அவன் ஒரு துறவியிடம் கேட்டான். இல்லை என்றதும் அவரையும் கொன்று நூறாக்கினான். பிறகு ஒரு அறிஞரிடம் போனான். "உனக்கும் தவ்பாவுக்கும் நடுவில் யார் நிற்க முடியும்? உன் ஊரை விட்டு நல்லவர்கள் வாழும் அந்த ஊருக்குப் போ" என்றார் அவர். பாதி வழியில் அவனுக்கு மரணம் வந்தது. வானவர்கள் இரண்டு ஊருக்கும் உள்ள தூரத்தை அளந்தார்கள். போக நினைத்த ஊருக்கு ஒரு சாண் நெருக்கமாக இருந்தான். அருளின் வானவர்கள் அவனைக் கொண்டுபோனார்கள். அவன் ஊர் போய்ச் சேரவில்லை என்பதை எத்தனை முறை படித்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கிறது. திரும்பி நடந்தான், அவ்வளவுதான்.

குர்ஆன் இதே வினையை அல்லாஹ்வுக்கும் சொல்கிறது. நபிகளின் தபூக் படைப் பயணத்துக்குப் போகாமல் பின்தங்கிய தோழர் கஅப் இப்னு மாலிக் உள்ளிட்ட மூவரோடு ஐம்பது நாள் யாரும் பேசவில்லை. பூமி விரிந்து கிடந்தும் அவர்களுக்கு நெருக்கடியாகிப் போனது என்கிறது 9ஆம் அத்தியாயத்தின் 118ஆம் வசனம். அந்த அத்தியாயத்தின் பெயரே அத்தவ்பா. அங்கே வரும் வாக்கின் கருத்து: அவர்கள் திரும்புவதற்காக அவன் அவர்கள் பக்கம் திரும்பினான். முதலில் திரும்பியது அவன்தான். அவனுடைய பெயர்களில் ஒன்று தவ்வாப். அரபியில் ஒன்றைத் திரும்பத் திரும்பச் செய்பவருக்கும் அதையே தொழிலாகக் கொண்டவருக்கும் வரும் சொல் அமைப்பு இது. நெசவு செய்பவர் நஸ்ஸாஜ், தையல்காரர் கய்யாத். தறிச் சத்தம் கேட்டு வளர்ந்த எங்கள் ஊருக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'கழுவாய்' பழைய சொல். புறநானூற்றின் 34ஆம் பாட்டிலேயே இருக்கிறது. ஆனால் அது பரிகாரம். முறித்த சத்தியத்துக்கு ஏழைகளுக்கு உணவளிக்கிறோமே, அந்த 'கஃப்பாரா'வுக்கு அது பொருந்தும். பாளையங்கோட்டைக் கிறிஸ்தவ வேதக்கோயில்களில் கேட்கும் 'மனந்திரும்புதல்' மிக நெருக்கமானது, அழகான சொல். ஆனாலும் தவ்பாவில் மனம் மட்டும் திரும்பினால் போதாது. பாவத்தை விட வேண்டும், செய்ததற்கு வருந்த வேண்டும், இனிச் செய்வதில்லை என்று உறுதி கொள்ள வேண்டும். பிறருடைய ஹக்கு, அவர்களுக்குச் சேர வேண்டிய உரிமை, நம்மிடம் இருந்தால் அதையும் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆலிம்கள், அதாவது மார்க்க அறிஞர்கள், சொல்லும் நிபந்தனைகள் இவை.

நான் 'மீளல்' என்பேன். மீட்டல் என்றால் இன்னொருவர் வந்து மீட்க வேண்டும். மீளல் நாமே செய்வது. நோயிலிருந்து மீண்டான், கடனிலிருந்து மீண்டான் என்று சொல்லும்போது அதில் நலமும் சேர்ந்தே ஒலிக்கிறது. 'மீண்டும்' என்ற சொல்லும் இதே மீள் என்ற வினையிலிருந்து பிறந்ததுதான். சறுக்கி விழுந்தவன் மீண்டும் மீளலாம். மனிதனுக்கு மீளல், இறைவனுக்கு அருளோடு திரும்புதல் என்று பிரித்துச் சொன்னால் போதும். பேச்சில் தவ்பா தவ்பாவாகவே இருக்கட்டும். பொருள் கேட்கும் பிள்ளைக்கு இதைச் சொல்லலாம்.

குர்ஆனின் 66ஆம் அத்தியாயம் 'தவ்பத்தன் நஸூஹா' என்கிறது, தூய்மையான மீளல். நஸூஹ் என்ற சொல்லின் வேருக்குத் துணி தைத்தல் என்ற பொருளும் உண்டு. கிழிந்ததைத் தைத்துச் சேர்க்கும் தவ்பா என்று விரித்துரைத்தவர்கள் இருக்கிறார்கள். பத்தமடையில் பாய் நெய்யும் ஒரு அம்மாவை நான் பார்த்திருக்கிறேன். ஒரு கோரை நிறம் மாறி விழுந்துவிட்டது. பாயைத் தூக்கிப் போடவில்லை. அந்த இடம்வரை பொறுமையாகப் பிரித்து, சரியான கோரையைக் கோத்து, அங்கிருந்து தொடர்ந்தார்.

மேலப்பாளையத்துக்காரர் விஷயத்துக்கு வருகிறேன். வாப்பா விட்டுப்போன இடத்தில் தங்கைக்குச் சேர வேண்டிய பங்கைப் பல வருடமாக அவர் கொடுக்கவில்லை. அன்றிரவே ஹஜ்ரத்திடம் அதைச் சொன்னார். "அல்லாஹ்ட்ட கேட்டது போதும். தங்கச்சிட்ட போங்க," என்று பதில் வந்தது.

பெருநாள் கழிந்த மறுநாள் அவரைக் கடையநல்லூர் பஸ்ஸில் பார்த்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்து, மடியில் ஒரு துணிப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.