புளூபெர்ரிச் செடிக்கு வினிகர் ஊற்றாதீர்கள்

சீனப் புத்தாண்டு முடிந்து இரண்டு மாதம் ஆனால் போதும், தோட்டப் பராமரிப்பு வேலை பார்க்கும் எனக்குப் படங்கள் வரத் தொடங்கிவிடும். பூவெல்லாம் கொட்டிப்போன அசேலியா என்ற அலங்காரப் பூச்செடி, இலை மஞ்சளான புளூபெர்ரி. போன வாரம் இங்கே சிங்கப்பூரில் ஈசூனிலிருந்து ஓர் அக்கா அனுப்பிய படத்தைப் பார்த்து மனம் பொறுக்கவில்லை. ஐம்பது வெள்ளி கொடுத்து வாங்கிய புளூபெர்ரிச் செடி. மண் புளிப்பாக இருக்கவேண்டும் என்று யாரோ சொல்ல, வினிகர், எலுமிச்சைச் சாறு, காப்பிச் சக்கை என்று ஊற்றியும் கொட்டியும் வேரைக் கருக்கிவிட்டார். அந்தச் செடிகளின் வேர் மேலோட்டமானது, மயிரிழை போல மெல்லியது. அதில் வினிகர் பட்டால் என்ன ஆகும்?

மண்ணைச் சரிசெய்தால் காய்க்கும் என்ற எண்ணத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். இரண்டுக்கும் அமில மண் வேண்டும் என்பது உண்மைதான். புளூபெர்ரிக்கு பிஎச், அதாவது மண்ணின் புளிப்பைக் காட்டும் அளவு, 4.5 முதல் 5.5 வரை இருக்கவேண்டும். ஆனால் மண்ணைத் தொட்டியில் நம்மால் தயாரிக்க முடியும். குளிர்காலத்தைத் தயாரிக்க முடியாது. குளிர் நாட்டுப் புளூபெர்ரி வகைகளின் மொட்டு விழிக்க, 7 டிகிரிக்குக் கீழே 800 மணி நேரத்துக்கு மேல் குளிர் வேண்டும். ‘குறைந்த குளிர் போதும்’ என்று விற்கும் வகைகளில் பலவற்றுக்கும் 150 மணி நேரமாவது வேண்டும். சிங்கப்பூரில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 19 டிகிரிதான். ஏர்கான் அறையில் வைத்தால் 24 டிகிரி கிடைக்கும், வெயில் போய்விடும். ஐஸ் கட்டி போட்டால் வேர் மட்டும் விறைக்கும். குளிர் வேண்டியது மொட்டுக்கு.

கடையில் காயோடு நிற்கிறதே என்பார்கள். அந்தக் காய் குளிர் நாட்டில் பிடித்தது. பெரு நாட்டில் பனி இல்லாமலே விளைகிறதே என்றும் கேட்பார்கள். விளைகிறது, நம் கடைகளுக்கும் அங்கிருந்து பழம் வருகிறது. ஆனால் அங்கே அதற்கென்று தேர்ந்தெடுத்த வகை, வறண்ட காற்று, குளிர்ந்த இரவு. நம் இரவு 22 டிகிரிக்குக் கீழே இறங்குவதே அபூர்வம்.

அசேலியாவும் அப்படித்தான். மொட்டு கட்டிய பிறகு சில வாரங்கள் 10 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் ஒருசேரப் பூக்கும். புத்தாண்டுக்கு வரும் தொட்டிகள் அந்தக் குளிரை வேறு நாட்டில் பார்த்துவிட்டு வருபவை. சில வாரத்துக்கு அலங்காரம் என்று வாங்கினால் சரி. வருடா வருடம் பூக்கும் என்று வாங்காதீர்கள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அசேலியாவின் இலை, பூ எல்லாமே நஞ்சு. கிரேயனோடாக்ஸின் என்ற பொருள் வாந்தி வரவைக்கும், இதயத் துடிப்பைக் குறைக்கும். இரண்டுக்கும் ஒரே மண் என்று புளூபெர்ரியையும் அசேலியாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார்கள். ஒரு செடியில் பறித்துச் சாப்பிடலாம் என்று பழகிய குழந்தை அடுத்த செடியை விட்டுவைக்குமா? பூனை, நாய் இருக்கும் வீட்டில் அசேலியா வேண்டவே வேண்டாம்.

அப்புறம் என்னதான் வைப்பது? நம் மண்ணுக்கே உரிய செண்டுடோக் என்ற புதர்ச்செடி இருக்கிறது. அமில மண்ணில் செழிக்கும், நல்ல வெயில் போதும், வருடம் முழுக்க ஊதாப் பூ பூக்கும். பழம் வெடித்து உள்ளே கருநீலமாக இருக்கும், நாக்கில் சாயம் ஏறும், குருவிகள் தேடி வரும். பழம் சாப்பிடத்தான் ஆசை என்றால் கெமுந்திங் வையுங்கள். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் தவிட்டுக்கொய்யா என்பார்களே, அதேதான். ரோஜா நிறப் பூ, கரும் ஊதாப் பழம், நல்ல இனிப்பு. வாடிக்கையாளர்களிடம் இதைச் சொன்னால் ‘காட்டுச்செடியா?’ என்று முகம் சுளிக்கிறார்கள். எனக்கு வருத்தமாக இருக்கிறது. இரண்டையும் நர்சரியில் கேட்டு வாங்குங்கள். பூங்காவிலோ காட்டுப் பகுதியிலோ பிடுங்குவது குற்றம்.

ஏற்கெனவே அசேலியா வைத்திருந்தால் காலை வெயில் மட்டும் படும் இடத்தில், தண்ணீர் தேங்காத தொட்டியில் வையுங்கள். அடித் தட்டை எடுத்துவிடுங்கள், கொசு வேறு வரும். குழந்தை இலையை மென்றிருந்தால் வாந்தி வருகிறதா என்று பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள். வாயைக் கழுவி, ஓர் இலையைக் கையோடு எடுத்துக்கொண்டு நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.