டிராமா: படுகாயமா, கொடுங்காயமா, கடுங்காயமா?

நெடுஞ்சாலையோர மருத்துவமனையின் பலகையில் ‘டிராமா கேர் சென்டர்’ என்று கண்டு, உள்ளே நாடகமா நடக்கிறது என்று கேட்பவரைக் குறை சொல்ல முடியாது. ஆங்கிலத்தில் வெவ்வேறு எழுத்தில் தொடங்கும் இரு சொற்கள் (drama, trauma) தமிழ் எழுத்தில் ஒன்றாகிவிட்டன. இரண்டுக்கும் தாய்வீடு கிரேக்கம்தான், ஆனால் உறவு கிடையாது. நாடகச் சொல்லுக்கு வேர் ‘செய்தல்’ என்னும் வினை. மருத்துவச் சொல்லுக்குப் பொருள் புண். உடற்புண்ணைக் குறித்த அது, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மனத்துக்கும் நீண்டது. தமிழில் அந்தப் பொருளுக்கு ‘உளக்காயம்’ போதும்.

உடற்காயத்துக்குச் சொல் தேடுவதில்தான் சிக்கல். ‘பெரிய காயம்’ என்று ஒட்டி எழுதினால் பெருங்காயமாகி ரசத்தில் விழுந்துவிடும். செய்தித்தாள்களின் ‘படுகாயம்’ கால் முறிந்தவருக்கும் பொருந்துகிறது, நினைவிழந்து கிடப்பவருக்கும் பொருந்துகிறது. சட்டத்தில் ‘கொடுங்காயம்’ உண்டு. அதற்கு வரையறையும் உண்டு. பாரதிய நியாய சன்ஹிதாவின் 116ஆம் பிரிவுப்படி ஒரு பல் உடைந்தாலே அது கொடுங்காயம்.

மருத்துவர்களின் கணக்கு வேறு. 1974இல் அமெரிக்க ஆய்வாளர் சூசன் பேக்கரும் உடன் பணியாற்றியவர்களும் ஒரு மதிப்பெண் முறையை வகுத்தார்கள். உடலை ஆறு பகுதிகளாகப் பிரித்து, மிக மோசமாக அடிபட்ட மூன்று பகுதிகளின் கடுமை எண்களை (காயம் எவ்வளவு மோசம் என்று காட்டும் எண்கள்) வர்க்கப்படுத்திக் கூட்டுவார்கள். உச்சம் 75. பதினைந்தைத் தாண்டினால் ‘மேஜர் டிராமா’, நாம் பெயர் தேடும் காயம் அதுதான். தொடை எலும்பு மட்டும் முறிந்தால் கடுமை 3, மதிப்பெண் 9. சட்டத்துக்கு அது கொடுங்காயம், இந்தக் கணக்கில் எல்லையைத் தாண்டாது. அதே அளவு அடி மார்பிலும் பட்டிருந்தால் 18, எல்லை தாண்டிவிட்டது.

இந்த எல்லைக்கோடு இல்லாமல் ஓர் ஊரையும் இன்னோர் ஊரையும் ஒப்பிடவே முடியாது. சில்லறைக் காயங்களையும் சேர்த்து எண்ணும் மருத்துவமனை நோயாளிகள் பிழைக்கும் விகிதத்தில் எளிதாக முந்திவிடும். இங்கிலாந்தில் தேசியத் தணிக்கை அலுவலகம் 2010இல் கணக்கிட்டபோது, கடுங்காயம் அடைந்தோர் பிழைக்கும் விகிதம் மருத்துவமனைக்கு மருத்துவமனை வெகுவாக மாறியது. ஏற்பாட்டைச் சீர்செய்தால் ஆண்டுக்கு 450 முதல் 600 உயிர்களைக் கூடுதலாகக் காக்கலாம் என்றது அறிக்கை. அதே ஆண்டில் லண்டனில் நான்கு பெரிய மையங்களைச் சுற்றி ஒரு வலையமைப்பு தொடங்கியது. 2012இல் நாடு முழுவதும் பரவியது. அருகிலுள்ள மருத்துவமனையைத் தாண்டி, எல்லா அறுவை நிபுணர்களும் இரவும் பகலும் இருக்கும் மையத்துக்கே ஆம்புலன்ஸ் செல்லலாம் என்பதுதான் அதன் சாரம்.

என் தேர்வு ‘கடுங்காயம்’. சட்டச் சொல்லோடு மோதாது, செய்தித்தாள் சொல்லைப்போல் தளர்ந்தும் போகவில்லை. மையத்துக்குக் ‘கடுங்காயச் சிகிச்சை மையம்’. ‘விபத்துச் சிகிச்சைப் பிரிவு’ என்பது நம் அரசு மருத்துவமனைகளில் பழகிய பெயர்தான், கேட்கவும் நன்றாக இருக்கிறது. ஆனால் கத்திக்குத்து விபத்தாகாது. விபத்து என்றதும் மனத்தில் வண்டிதான் ஓடுகிறது என்பது இன்னொரு குறை. இங்கிலாந்தின் கடுங்காயப் பதிவேடு வெளியிட்ட 2017 அறிக்கையில், முதியோரின் கடுங்காயத்துக்கு முதல் காரணம் இரண்டு மீட்டருக்கும் குறைவான உயரத்திலிருந்து விழுவது. குளியலறையில் வழுக்கிய பாட்டியைப் பெரிய மையத்துக்கு அனுப்ப அங்கேயும் பலருக்குத் தோன்றவில்லை.