மணம் மறையும்போது மூக்கினுள் நடப்பது

ஏலக்காய்ப் பொடி கலந்த வெல்லத்தை, மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு வாயிலிட்டால் இனிப்பு மட்டுமே தெரியும். விரலை எடுத்த மறுகணம் ஏலக்காயும் வந்து சேரும். 2020-இல் கொரோனா தொற்றியவர்களில் பலர் சாப்பாட்டில் ருசியே இல்லை என்று சொன்னதற்கும் பெரும்பாலும் மூக்கே காரணம்.

சாதாரண ஜலதோஷத்தில் சளியும் வீக்கமும் காற்று மேலேறும் குறுகிய வழியை அடைத்துக்கொள்வதால் மணம் மங்குகிறது. கொரோனாவிலோ, மூச்சு தாராளமாகப் போய்வந்துகொண்டிருந்தபோதே மணம் சட்டென்று நின்றது. சிலருக்குக் காய்ச்சலும் இருமலும் வருமுன்பே நின்றது, சிலருக்கு அதுதவிர வேறு அறிகுறியே இல்லை. பிரிட்டனின் காது மூக்கு தொண்டை மருத்துவர்கள் 2020 மார்ச்சிலேயே இதைச் சுட்டிக்காட்டி, இத்தகையோர் தனிமையில் இருக்க வேண்டும் என்று வலியுறுத்தினார்கள். ஆனால் அந்நாட்டு அரசு மே 18 அன்றும், இந்திய சுகாதார அமைச்சகம் ஜூன் 13 அன்றும்தான் இதை அறிகுறிப் பட்டியலில் சேர்த்தன. காய்ச்சல் இல்லை என்ற நம்பிக்கையில் அதுவரை வெளியே நடமாடியவர்களை நினைக்கையில், அந்தத் தாமதம் வருத்தத்தையே தருகிறது.

மூக்கறையின் கூரையில், சில சதுர சென்டிமீட்டர் பரப்பே உள்ள மென்படலத்தில் மணமறியும் நரம்பு செல்கள் இருக்கின்றன. மனிதரிடம் ஏறத்தாழ 400 வகை மண ஏற்பிகள், அதாவது மணத் துகள்களைப் பற்றும் புரதங்கள், உண்டு. ஒரு நரம்பு செல் அவற்றில் ஒரு வகையை மட்டுமே தாங்குகிறது. இந்த செல்களைச் சூழ்ந்து நின்று, அவற்றுக்கு ஊட்டமளித்து, மேலே படிந்திருக்கும் சளியின் உப்புச் சமநிலையைக் காப்பவை தாங்கு செல்கள். வைரஸ் நுழையப் பயன்படுத்தும் ஏசிஇ2 என்ற புரதம் தாங்கு செல்களில்தான் காணப்படுகிறது, நரம்பு செல்களில் அன்று என்பதை ஹார்வர்ட் மருத்துவப் பள்ளி ஆய்வாளர்கள் 2020 ஜூலையில் வெளியிட்டார்கள். தாங்கு செல்கள் சிதைந்தால், தொற்றுக்கு ஆளாகாத நரம்பு செல்களும் செயலிழக்கின்றன: மணத்தைப் பற்றும் அவற்றின் நுண்ணிழைகள் உதிர்கின்றன, அக்கம்பக்கத்து அழற்சியால் ஏற்பிகளை உருவாக்கும் மரபணுக்களும் அடங்கிப்போகின்றன.

தாங்கு செல்கள் விரைவில் புதுப்பிக்கப்படுவதால் பலருக்குச் சில வாரங்களிலேயே மணம் திரும்பியது. நரம்பு செல்களும் அழிந்திருந்தால், அடியிலுள்ள ஸ்டெம் செல்களிலிருந்து புதியவை தோன்றி, சல்லடை போன்ற எலும்பின் துளைகள் வழியே மூளையைத் தொடுவதற்கு மாதங்கள் ஆகும். இந்த இணைப்பு முழுமையடையாத நிலையில், பழகிய காபியே கருகலாகவோ அழுகலாகவோ நாறுவதுண்டு. ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் ஆகியவற்றை நாளுக்கு இருமுறை, ஒவ்வொன்றாக, கவனத்துடன் மாதக்கணக்கில் முகர்ந்துவரும் பயிற்சியை ஜெர்மனியின் டிரெஸ்டன் நகர மருத்துவர் தாமஸ் ஹம்மல் குழுவினர் 2009-இல் விவரித்தார்கள். கொரோனாவுக்குப் பின் மருத்துவர்கள் பரவலாகப் பரிந்துரைத்ததும் இதையே. மணம் மீளும்வரை, பால் கெட்டதையும் எரிவாயு கசிவதையும் வீட்டிலுள்ள இன்னொருவரின் மூக்கைக் கொண்டுதான் அறிய வேண்டியிருக்கும்.