மனை வாங்கும் முன் வாட்டம் பாருங்கள்

மனைப்பிரிவுக்கு அனுமதி கேட்டு வரும் வரைபடத்தில் எல்லா அளவும் இருக்கும். மனை 30-க்கு 40, சாலை இத்தனை அடி, பூங்கா இத்தனை சதுர மீட்டர். பெரும்பாலும் விட்டுப்போவது மட்டம்தான். எந்த மூலை மேடு, எந்த மூலை பள்ளம், மழைநீர் எந்தப் பக்கம் ஓடும் என்பது அந்தத் தாளில் தெரியாது. மொட்டைமாடிக்குத் தட்டோடு பதிக்கும் கொத்தனார்கூட வாட்டம், அதாவது தண்ணீர் ஓடும் சரிவு, பார்க்காமல் கரண்டியைத் தொடமாட்டார். பத்து ஏக்கரை மனையாக்கும்போது அதைப் பார்க்காமல் விடுகிறோம். சென்னையைச் சுற்றி இன்று நகரமாகிக்கொண்டிருக்கும் இடங்களில் பெரும்பகுதி ஏரிப் பாசன வயல்கள். 2015 டிசம்பரில் முடிச்சூரும் வேளச்சேரியும் மூழ்கியதை எல்லோரும் பார்த்தோம். அதற்குப் பிறகும் வயல்கள் அதே முறையில்தான் மனைகளாகின்றன.

வயல் என்ன வேலை செய்தது என்பதைக் கணக்குப் போட்டால்தான் இழப்பு புரியும். ஒரு ஏக்கர் நன்செய்யைச் சுற்றி அரை அடி வரப்பு இருந்தால், அது ஆறு லட்சம் லிட்டர் தண்ணீரைப் பிடித்து வைக்கும். வரப்பைத் தட்டி, கிராவல் கொட்டி, தார் போட்டால் அந்தக் கொள்ளளவு அன்றே போய்விடும். பத்து ஏக்கரில் ஒரு மணி நேரத்தில் ஆறு சென்டிமீட்டர் மழை பெய்தால் விழுவது சுமார் 24 லட்சம் லிட்டர். வரப்பைக் கணக்கில் சேர்க்காமல், வெறும் நிலமாக இருந்தபோது அதில் பத்தில் மூன்று பங்கு ஓடி வெளியேறும், ஏழு பங்கு மண்ணிலேயே நிற்கும் என்று வைத்துக்கொள்வோம். கூரையும் சாலையும் வந்தபின் எட்டுப் பங்கு ஓடும். அதாவது ஏழு லட்சம் லிட்டர் ஓடிய இடத்தில் 19 லட்சம். கூடுதலாக வரும் 12 லட்சம் லிட்டர், நூறு டேங்கர் லாரித் தண்ணீர், பள்ளத்தில் இருக்கும் அடுத்த தெருவுக்குள் போகும்.

இதற்கு வழி இருக்கிறது, அதுவும் சட்டம் ஏற்கெனவே கேட்கும் நிலத்திலேயே. இந்த அளவுள்ள மனைப்பிரிவில் சாலை போக மீதிப் பரப்பில் 10 சதவீதத்தை ஓ.எஸ்.ஆர். நிலமாக, அதாவது பூங்கா போன்ற பொதுத் திறந்தவெளியாக, எழுதிக்கொடுக்க வேண்டும். பத்து ஏக்கரில் சாலைக்கு மூன்று ஏக்கர் போனால், அது முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. அந்தப் பூங்காவைச் சாலையைவிட ஒன்றரை அடி தாழ்வாக வைத்தால், கரைச்சரிவு போக 12 லட்சம் லிட்டர் கொள்ளும். கூடுதலாக வரும் தண்ணீர் முழுவதும் அதில் அடங்கிவிடும்! கரையை ஒன்றுக்கு நான்கு என்ற சரிவில் வைத்தால் குழந்தைகள் தடுக்கி விழமாட்டார்கள். அடியில் ஆறு அங்குலக் குழாய் ஒன்று வாய்க்காலுக்குப் போனால், வாய்க்கால் நிரம்பி வழியாதவரை ஒரு நாளுக்குள் வடிந்துவிடும். மழை இல்லாத மாதங்களில் அது விளையாட்டுத் திடல்.

நடப்பதோ நேர்மாறு. விற்க முடியாத மேட்டு மூலை பூங்காவுக்குப் போகிறது. பள்ள மூலையில் இருந்தாலும் மண் நிரப்பி, சுற்றுச்சுவர் எழுப்பி, நடைபாதைக் கல் பதித்துத் தண்ணீர் வர வழியே இல்லாமல் செய்துவிடுகிறார்கள்.

அடுத்த தவறு சிறுபாலத்தில். மூன்று மீட்டர் அகலம், ஒரு மீட்டர் ஆழம் கொண்ட வாய்க்காலின் குறுக்கே மனைக்குச் சாலை போடுபவர்கள் இரண்டடி விட்டமுள்ள இரண்டு சிமென்ட் குழாய்களை வைத்து மேலே மண் தள்ளுவார்கள். அந்த இரண்டு குழாயின் திறப்பும் சேர்ந்து வாய்க்காலின் வெட்டுப்பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஒரு தென்னை மட்டையும் நாலு பிளாஸ்டிக் பையும் வந்து அடைத்தால் அதுவும் இல்லை. அந்த இடத்துக்குப் பெட்டி வடிவ கான்கிரீட் திறப்புள்ள பெட்டிப் பாலம்தான் சரி, வாய்க்காலின் முழு அகலத்துக்கும்.

மழைநீர் வடிகால் இருந்தால் போதும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு சொல். 400 மீட்டர் வடிகாலுக்கு 500-க்கு ஒன்று என்ற குறைந்த வாட்டம் வைத்தாலும் கடைசியில் 80 சென்டிமீட்டர் இறங்கியிருக்க வேண்டும். பள்ளிக்கரணை போன்ற சமதளத்தில் நிலமே அவ்வளவு இறங்காது. வடிகால் போய்ச் சேரும் வாய்க்காலின் அடிமட்டத்தை முதலில் அளந்து, அங்கிருந்து மேல்நோக்கி வேலையைத் தொடங்க வேண்டும். தெருவிலிருந்து தோண்டிக்கொண்டே போனால் முடிவில் வாய்க்கால் மேலேயும் வடிகால் கீழேயும் நிற்கும். தண்ணீர் திரும்பித் தெருவுக்கே வரும்.

சாலையின் உயரமும் இதில் சேர்ந்ததுதான். பழைய தாரைச் சுரண்டாமல் மேலே இரண்டு அங்குலம் போட்டுக்கொண்டே போனால், ஆறாவது முறையில் சாலை ஒரு அடி உயர்ந்துவிடும். வாசல்படி மறைந்து, வீட்டையே ஜாக்கி வைத்துத் தூக்கும் நிலை வருகிறது. சுரண்டிவிட்டுத்தான் புதிய தார் போட வேண்டும் என்று 2021-லேயே தமிழக அரசு உத்தரவிட்டிருக்கிறது. உங்கள் தெருவில் வேலை தொடங்கும் அன்று பழைய மட்டத்தைச் சுற்றுச்சுவரில் பெயின்ட்டால் ஒரு கோடாகக் குறித்துவையுங்கள். ஒப்பந்ததாரரிடம் பேச அந்தக் கோடு போதும்.

வாங்குபவர் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. தமிழ்நாடு அரசின் இ-சேவைத் தளத்தில் அ-பதிவேடும் (சர்வே எண் வாரியான நில விவரம்) புலப்படமும் (அந்த எண்ணின் அளவு வரைபடம்) கிடைக்கும். உங்கள் சர்வே எண் மட்டும் போதாது. சுற்றியுள்ள எண்களையும் பாருங்கள். ஓடை, வாய்க்கால், ஏரி என்று எதுவும் பதிவாகியிருந்தால் அது மனைக்கு எத்தனை அடியில், எந்தப் பக்கம் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஏரி நிரம்பினால் நீர் வழியும் கலங்கல் எங்கே இருக்கிறது, உபரி நீர் எந்த வழியாகப் போகிறது என்பதை ஊர்ப் பெரியவர்களிடம் கேளுங்கள். கைப்பேசிச் செயலி காட்டும் உயரத்தை நம்ப வேண்டாம். அதில் சில மீட்டர் பிழை சாதாரணம், நமக்கு வேண்டியதோ சென்டிமீட்டர்.

டியூப் லெவல் போதும். குழாயில் தண்ணீர் நிரப்பினால் இரண்டு முனையிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும்; அங்கிருந்து தரைவரை அளந்தால் எது மேடு, எது பள்ளம் என்று தெரியும். உள்ளே தண்ணீர் தெரியும் அரை அங்குல பிளாஸ்டிக் குழாய் 15 மீட்டர், இரண்டு பேர், ஒரு டேப். சாலையின் நடுவில் ஒருவர், மனையின் மூலையில் ஒருவர், பிறகு அங்கிருந்து வாய்க்காலை நோக்கி அடுத்த அளவு. குழாயில் ஒரு காற்றுக் குமிழி நின்றாலும் அளவு தப்பாகும். அதனால் தண்ணீரை மெதுவாக நிரப்பி, குமிழியைத் தட்டி வெளியேற்றிவிட்டு அளக்க வேண்டும். மனை சாலையைவிடத் தாழ்வு என்று தெரிந்தால் உடனே லாரி லாரியாக மண் கொட்டாதீர்கள். உங்கள் மனை உயர்ந்தால் பக்கத்து வீட்டில் தண்ணீர் நிற்கும். வாய்க்காலுக்கு வழி இருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

மனைகளைப் பெரும்பாலும் கோடையில்தான் காட்டுவார்கள். ஐப்பசியில், இரண்டு நாள் விடாமல் பெய்த மறுநாள் காலையில் ஒருமுறை போய்ப் பாருங்கள். பக்கத்துப் பழைய வீடுகளின் சுவரில் ஈரக்கறை எத்தனை அடி உயரத்தில் இருக்கிறது என்று அளந்துகொண்டு வாருங்கள்.