மொமென்ட் முறை: எதையும் திருப்பாத ‘திருப்புத்திறன்’

மின்னூட்டம் ஏற்றிய கடத்தியின் மேற்பரப்பில் அந்த மின்னூட்டம் எப்படிப் பரவியிருக்கும் என்று கணினியில் கண்டுபிடிக்கும் வழிகளில் ஒன்று ‘மெத்தட் ஆஃப் மொமென்ட்ஸ்’. பள்ளி இயற்பியலில் ‘மொமென்ட்’ என்றால் ஒரு விசை பொருளைத் திருப்பும் திறன், அதாவது ‘திருப்புத்திறன்’. அதைப் படித்த கை இதைச் சட்டென்று ‘திருப்புத்திறன் முறை’ என்று எழுதிவிடும். ஆனால் இங்கே எதுவும் எதையும் திருப்புவதில்லை.

நடப்பது என்ன? 1 மீட்டர் பக்கமுள்ள ஒரு சதுர உலோகத் தகடு. கடத்தி என்பதால் அதன் பரப்பு முழுவதும் ஒரே மின்னழுத்தம். மின்னூட்டமோ விளிம்பிலும் மூலையிலும் போய்க் குவியும். எவ்வளவு குவியும் என்பதற்குக் கச்சிதமான சூத்திரம் கிடையாது. அதனால் தகட்டைச் சிறு சதுரங்களாக வெட்டி, ஒவ்வொன்றிலும் மின்னூட்டம் சீராக இருப்பதாக வைத்துக்கொள்கிறோம். ஒவ்வொரு சதுரத்தின் மையத்திலும், எல்லாச் சதுரங்களும் சேர்ந்து தரும் மின்னழுத்தம் 1 வோல்ட் என்று எழுதினால், தெரியாதவை எத்தனையோ அத்தனை சமன்பாடுகள்.

வெட்டாமல் முழுத் தகட்டையே ஒரு துண்டாகக் கொண்டால் மின்தேக்குத்திறன் (1 வோல்ட்டுக்குத் தகடு ஏற்கும் மின்னூட்டம்) 31.6 பிக்கோஃபாரட் வருகிறது. 4 துண்டுக்கு 35.2. உண்மை மதிப்பு சுமார் 40.8. நான்கு துண்டிலும் சமச்சீரால் ஒரே மின்னூட்டம்தான்; குவிதல் இன்னும் கணக்குக்குள் வரவில்லை, மின்னழுத்தத்தைப் பார்க்கும் இடம்தான் மாறியிருக்கிறது. 9 துண்டாக்கினால்தான் நடுத்துண்டு இளைத்து மூலைத்துண்டு பருப்பது தெரியும்.

கணினி வருவதற்கு வெகுமுன்பே இதைக் கையால் போட்டவர் இயற்பியலாளர் மேக்ஸ்வெல். தமக்கு முந்தைய நூற்றாண்டு அறிவியலாளர் கேவண்டிஷின் மின்னியல் குறிப்புகளைத் தொகுத்து 1879இல் வெளியிட்டபோது, சதுரத் தகட்டை 36 துண்டாக்கிக் கணக்கிட்டார். சமச்சீரைப் பயன்படுத்தினால் தெரியாதவை 6தான். அவர் கண்ட விடை இன்றைய அலகில் சுமார் 40.1 பிக்கோஃபாரட். அசாத்தியமான பொறுமை!

பெயர் பரவியது அமெரிக்காவின் சிராக்கியூஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராஜர் ஹாரிங்டன் 1968இல் எழுதிய நூலால். கணிதத்தில் ஒரு சார்பை இன்னொன்றால் பெருக்கித் தொகையிடுவது, குறிப்பாக x, x² போன்ற அடுக்குகளால் பெருக்குவது, மொமென்ட். நெம்புகோலில் விசையைத் தூரத்தால் பெருக்குவதும் அதே வகைதான். நம் பாடநூல் அந்த ஒரு பயனை மட்டும் பார்த்துப் பெயர் வைத்துவிட்டது. லத்தீன் மூலமான ‘மொமென்டும்’ அசைவைக் குறிக்கும். தராசைச் சாய்க்கப் போதுமான எடையையும் குறிக்கும். நமக்கு வேண்டியது இந்த இரண்டாவது பொருள்.

ஆகவே நான் எழுதுவது ‘எடைத்தொகை முறை’. சமன்பாட்டை, எந்த இடத்துக்கு எவ்வளவு முக்கியத்துவம் என்று சொல்லும் ஓர் எடைச்சார்பால் பெருக்கித் தொகையிடுகிறோம்; மேலே மையப்புள்ளியில் மட்டும் பார்த்தது, முழு எடையையும் அந்தப் புள்ளியில் வைத்த எளிய வகை. ‘நிறையிட்ட சராசரி’ என்று புள்ளியியலில் வழங்குவதால் ‘நிறைத்தொகை’ என்றும் சொல்லலாம்தான். ஆனால் இயற்பியல் மாணவருக்கு நிறை என்றால் கிலோகிராம் நினைவுக்கு வரும். சரி, எடை மட்டும் நியூட்டனை நினைவூட்டாதா என்றால், ஊட்டும்; இருந்தாலும் ‘எடை போடுதல்’ என்ற பேச்சுவழக்கு கைகொடுக்கிறது.

ஒரு எச்சரிக்கை: புள்ளியியலிலும் இதே ஆங்கிலப் பெயரில் வேறொரு முறை உண்டு. தரவுப் பரவலின் சராசரி போன்ற பண்பளவைகளை மதிப்பிடும் அந்த முறைக்கு, அங்கே ஏற்கெனவே புழங்கும் ‘விலக்கப் பெருக்குத்தொகை’ என்ற சொல்லே பொருத்தம். இரண்டையும் கலக்க வேண்டாம்.