வேலையின் பெயர் தெரியும், வேலை தெரியாது

என்ன படிக்கலாம், எந்த வேலைக்குப் போகலாம் என்று மாணவர்களுக்கு ஆலோசனை சொல்வது என் வேலை. பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி தடயவியல்தான் படிக்கப்போகிறேன் என்று வந்தாள். முடிவெல்லாம் எடுத்தாயிற்று, எங்கே படிக்கலாம் என்று மட்டும் நான் சொன்னால் போதும். "சரிம்மா, தடயவியல் ஆய்வகத்தில் இருப்பவர் காலையில் பத்து மணிக்கு உட்கார்ந்தால் மதியம் வரை என்ன செய்வார்?" என்று கேட்டேன். கொலை நடந்த இடத்துக்குப் போவார், குற்றவாளியைக் கண்டுபிடிப்பார் என்றாள். தொலைக்காட்சித் தொடர்களில் அப்படித்தான் காட்டுகிறார்கள், அவளைக் குறை சொல்ல முடியாது.

அந்த ஆய்வக வேலையில் பெரும்பகுதி மேசையில்தான் நடக்கும். வந்த பொட்டலத்தின் முத்திரை உடையாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், எண் போட வேண்டும், மாதிரி எடுத்துச் சோதிக்க வேண்டும், செய்தது ஒவ்வொன்றையும் எழுதிவைக்க வேண்டும். அப்புறம் ஒருநாள் சாட்சிக் கூண்டில் நின்று குறுக்கு விசாரணைக்குப் பதில் சொல்ல வேண்டும். இதைக் கேட்டதும் பல பிள்ளைகளுக்கு முகம் வாடிவிடும். இவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "எழுதிவைக்கிறது எனக்குப் பிடிக்கும் மேடம்" என்றாள்.

எங்கள் பேச்சு உண்மையில் அங்கேதான் தொடங்கியது. மருந்துகளின் தரத்தைப் பரிசோதிப்பவர்கள், குடிநீரைச் சோதிப்பவர்கள், உணவில் கலப்படம் இருக்கிறதா என்று பார்ப்பவர்கள், மருத்துவமனை ஆய்வகத்தில் இருப்பவர்கள் எல்லோருமே அந்தக் குணத்தை வைத்துத்தான் பிழைக்கிறார்கள். இப்படியெல்லாம் வேலைகள் இருப்பதே அவளுக்குத் தெரியாது.

தெரியாதது அவளுக்கு மட்டுமல்ல. பல நாடுகளில் 15 வயது மாணவர்களிடம் நடக்கும் பிசா (PISA) என்ற கல்வி ஆய்வில், 30 வயதில் என்ன வேலையில் இருப்பாய் என்றும் கேட்கிறார்கள். 2018 சுற்றில், 41 நாடுகளின் பதில்களைச் சேர்த்துப் பார்த்தபோது, பையன்களில் 47 சதவீதமும் பெண்களில் 53 சதவீதமும் பத்தே பத்து வேலைகளுக்குள் நின்றுவிட்டார்கள். மருத்துவர், ஆசிரியர், பொறியாளர், காவல்துறை என்று எல்லோரும் ஊகிக்கக்கூடிய பட்டியல்தான். 2000-ஆம் ஆண்டுக் கணக்கைவிட இது கூடுதல். இடைப்பட்ட காலத்தில் எத்தனை புது வேலைகள் வந்தன என்று நினைத்துப் பார்த்தால் சிரிப்பதா கவலைப்படுவதா என்று தெரியவில்லை.

பிள்ளைகள் வேலையைத் தேர்ந்தெடுப்பதற்கு வெகு முன்பே பல வேலைகளை மனதிலுள்ள பட்டியலிலிருந்து அடித்துவிடுகிறார்கள் என்று லிண்டா காட்ஃப்ரெட்சன் என்ற உளவியலாளர் 1981-இல் எழுதினார். ஆறிலிருந்து எட்டு வயதுக்குள் 'இது ஆண் வேலை, இது பெண் வேலை' என்று ஒரு கோடு விழுகிறது. ஒன்பதிலிருந்து பதின்மூன்றுக்குள் 'இது கௌரவமான வேலை, இது இல்லை' என்று இன்னொரு கோடு. என் முன்னால் வந்து உட்காரும்போது பட்டியலில் பாதி போயிருக்கும், யார் அடித்தது என்று அவர்களுக்கே நினைவிருக்காது. அதனால் "என்ன ஆகப்போகிறாய்?" என்று கேட்பதை விட்டுவிட்டேன். "எது கண்டிப்பாக வேண்டாம், ஏன்?" என்று கேட்கிறேன். தாத்தாவுக்கு நாள் தவறாமல் இன்சுலின் ஊசி போட்டுவிடும் பையன் ஒருவன் செவிலியர் பணியை, "அது லேடீஸ் வேலை" என்று ஒரே நொடியில் தள்ளினான். அவனைச் செவிலியராக்குவது என் வேலையில்லை. அடித்ததை மறுபடி பென்சிலால் எழுதிவைத்தேன், அவ்வளவுதான்.

சோதனைகளைப் பற்றி ஒரு வார்த்தை. எந்த மாதிரி வேலை பிடிக்கும் என்று கேள்விகள் கேட்டுப் பார்க்கும் ஆர்வச் சோதனைகள் பலவற்றுக்கு அடிப்படை, மனிதர்களையும் வேலைகளையும் ஆறு வகையாகப் பிரித்து உளவியலாளர் ஜான் ஹாலண்ட் 1959-இல் முன்வைத்த கோட்பாடு. அந்த வகைகளில் கலையும் ஒன்று. அவை ஆர்வத்தை அளக்கும், திறமையை அளக்காது. நான் இந்த வேலைக்கு வந்த புதிதில் ஒரு மாணவனிடம் "உனக்குக் கலைப் பக்கம்தான் அதிகம் வந்திருக்கிறது" என்று அறிக்கையைக் கொடுத்து அனுப்பிவிட்டேன். வீட்டில் போய், கணக்கு தேவையில்லை என்று மேடம் சொல்லிவிட்டதாகச் சொல்லியிருக்கிறான். கணக்கில்லாத பாடப்பிரிவில் சேர்ந்தும்விட்டான். இரண்டு வருடம் கழித்து அவன் ஆசைப்பட்டது கட்டடக்கலை. அவன் விண்ணப்பித்த இடத்தில் கணக்கு கட்டாயம். நான் அப்படிச் சொல்லவில்லைதான், ஆனால் அப்படிப் புரிந்துகொள்ளும்படி விட்டது நான். கணக்கைத் தனியாகப் படித்துத் தேறுவதற்கு அவனுக்கு ஒரு வருடம் போயிற்று. இப்போது அறிக்கையைத் தனியாகக் கொடுப்பதே இல்லை. பாடப்பிரிவு படிவத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எதை விட்டால் எந்த வழி அடைபடும் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறோம். கணக்கை விடுவது சுலபம், திரும்பி வருவதுதான் கஷ்டம்.

இன்னொரு விஷயம், யாரும் பேசுவதில்லை என்பதால் சொல்கிறேன். சிவப்பு-பச்சை நிறக்குறைபாடு பையன்களிடம்தான் அதிகம். ஐரோப்பிய வம்சாவளியினரில் ஏறக்குறைய 12 ஆண்களில் ஒருவருக்கு இருக்கிறது, மற்ற மக்களிடம் கொஞ்சம் குறைவு. விமானம், ரயில், கப்பல் ஓட்டும் வேலைகளுக்கு நிறப்பார்வையைச் சோதித்துத்தான் எடுப்பார்கள். பலருக்கு இது தெரியவருவதே அந்த மருத்துவப் பரிசோதனையில்தான். வண்ணப் புள்ளிகளுக்குள் எண்ணைக் கண்டுபிடிக்கும் இஷிஹாரா சோதனைக்குச் சில நிமிடங்கள் போதும். 15 வயதிலேயே பார்த்துவிடலாம்.

பெற்றோர் என்னிடம் கேட்பது, "எதுக்குங்க ஸ்கோப் இருக்கு?" என்பதைத்தான். பத்து வருடம் கழித்து எதற்கு இருக்கும் என்று எனக்கும் தெரியாது. அதற்குப் பதிலாக, அந்த வேலையில் இருக்கும் ஒருவரை உங்கள் பிள்ளை சந்தித்திருக்கிறதா என்று கேட்பேன். பிரிட்டனில் 2012-இல் வந்த ஓர் ஆய்வில், பள்ளிக் காலத்தில் நான்கு முறையாவது வேலை உலகத்தோடு தொடர்பு கிடைத்ததாக நினைவுகூர்ந்த இளைஞர்கள், ஒன்றுமே கிடைக்காதவர்களைவிடப் படிப்போ வேலையோ இல்லாமல் நிற்கும் வாய்ப்பு ஐந்து மடங்கு குறைவு என்று தெரிந்தது. அந்தச் சந்திப்புகள் மட்டுமே காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், வசதியான பள்ளிகளில் அவை அதிகம் கிடைத்திருக்கலாம். ஆனாலும் ஒதுக்கித் தள்ளக்கூடிய வித்தியாசமில்லை. அரங்கத்தில் நானூறு பேரை உட்காரவைத்து ஒருவர் தன் வெற்றிக்கதையைச் சொல்வதை நான் சந்திப்புக் கணக்கில் சேர்ப்பதில்லை. எதிரே உட்கார்ந்து, "நேற்று முழுக்க என்ன செய்தீர்கள்? இதில் சலிப்பான பகுதி எது? இந்த வேலைக்கு வேறு எந்த வழியாக வந்தவர்கள் இருக்கிறார்கள்?" என்று கேட்க வேண்டும். சலிப்பைப் பற்றிய கேள்விக்குத்தான் நல்ல பதில்கள் வரும்.

தடயவியல் மாணவி குடிநீர் ஆய்வகத்தில் இருக்கும் ஒருவரைப் பார்த்துவிட்டு வந்தாள். கையில் நான்கு பக்கக் குறிப்பு, தேதி போட்டு, வரிசை எண் போட்டு. சலிப்பான பகுதி எது என்ற கேள்விக்குக் கீழே, "பாட்டில் கழுவுவது" என்று எழுதியிருந்தாள். பட்டியலில் தடயவியல் இன்னும் இருக்கிறது. இப்போது மூன்றாவது இடத்தில்.